உடலுக்குள் ஒரு துருசுக் காவல்

சென்ற ஐப்பசி மாதத்திலே, கந்தசட்டி விரதத்தின் மூன்றாம் நாள், நண்பகல் கழிந்து சிறிது நேரத்தில், என் தமக்கையார் அடுக்களை வாயிலில் நிலைதளர்ந்து அமர்ந்துவிட்டார். உடல் முழுவதும் வியர்வை, கைகளில் நடுக்கம், கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாத விடை. விரதக் களைப்பு என்றார் ஒருவர். வெயிலின் கொடுமை என்றார் இன்னொருவர். அயல்வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் செய்தி கேட்டு ஓடி வந்தார். வந்ததும் வராததுமாக அவர் கேட்டவை இரண்டே கேள்விகள்: “காலமை குளிசை போட்டவவோ? ஏதும் சாப்பிட்டவவோ?”

நீரிழிவுக்கான குளிசையை அக்கா வழமைபோல் விழுங்கியிருந்தார். உணவு எதனையும் உட்கொள்ளவில்லை. அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருக்கின்றாரா என்பதைக் கவனித்தபின், தாதியார் மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்கினார். கால் மணி நேரத்துள் அக்காவின் கண்களில் தெளிவு திரும்பியது.

தெளிந்ததும் அவர் என்னை நோக்கிக் கேட்டார்: “தம்பி, எனக்கு என்ன நடந்தது? சாப்பிடாமல் இருந்தால் சீனி குறையும், அது நல்லதுதானே எண்டு நினைச்சன்.”

இருபது ஆண்டுகளாக உயர்தர வகுப்பு மாணவர்க்கு உயிரியல் கற்பித்து வருபவன் நான். நொதியங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவதும் அழிப்பதும் என் தொழில். அன்று காலையில் அவர் வெறுவயிற்றிற் குளிசை விழுங்கியதைக் கண்டும் வாளா இருந்தவனும் நானே. அவருக்கு அன்று மாலை நான் கூறிய விடையையே இவ்வாரம் நேயர்களுக்கும் எழுதத் துணிந்தேன். நீரிழிவு இல்லாத இல்லம் அரிதாகிவிட்ட இக்காலத்தில், இஃது ஒரு வீட்டுச் செய்தி மட்டும் அன்று.

அடுப்பும் உடலும்

நாம் உண்ணும் சோறும் பிட்டும் இடியப்பமும் குடலிலே குளுக்கோசு என்னும் எளிய வெல்லமாக மாறிக் குருதியிற் சேர்கின்றன. அக்குளுக்கோசு நம் உடற்கலங்களில் ஒட்சிசனுடன் கூடிக் காபனீரொட்சைட்டும் நீரும் ஆகின்றது, சத்தி வெளிப்படுகின்றது. அடுப்பில் விறகு எரியும்பொழுது நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. ஆயின் அடுப்புக்குக் கடுஞ்சூடு வேண்டும். நம் உடலோ 37 பாகை வெப்பநிலையிலே இவ்வேலையை ஓசையின்றிச் செய்து முடிக்கின்றது. இதனை இயலச் செய்பவை நொதியங்கள்.

நொதியம் என்ற பெயரே நொதித்தலிலிருந்து வந்தது. மரத்தினின்று இறக்கிய பனங்கள்ளு சிறிது நேரத்தில் நுரைத்துப் பொங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். உயிருள்ள மதுவம் இன்றி இந்நொதித்தல் நிகழாது என்றே அறிஞர் பலர் ஒருகாலத்தில் எண்ணியிருந்தனர். 1897 இல் எடுவார்ட் பூக்னர் என்னும் செருமானிய இரசாயன அறிஞர் மதுவத்தை மணலுடன் அரைத்துப் பிழிந்து சாறெடுத்தார். அச்சாற்றில் உயிருள்ள கலம் ஒன்றுமில்லை. ஆயினும் அது வெல்லத்தை நொதிக்கச் செய்தது. தொழில் செய்வது கலத்தினுள்ளே இருக்கும் பொருள்களே என்பது அன்று புலனாயிற்று. பூக்னருக்கு 1907 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இப்பொருள்கள் பெரும்பாலும் புரதங்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு மாற்றத்தையே விரைவுபடுத்தும். குளுக்கோசு ஒரே எட்டில் எரிந்துவிடுவதில்லை, படிப்படியாக இறங்குகின்றது. படிதோறும் ஒரு நொதியம் நிற்கின்றது. இவ்வழியிற் பெறப்படும் சத்தி, அடினோசின் முப்பொசுபேற்று, அதாவது ஏ.ரீ.பி., என்னும் பொருளிற் சேமிக்கப்படுகின்றது. தசை சுருங்குவதற்கும் நரம்பு செய்தி அனுப்புவதற்கும் உடல் கொடுக்கும் காசு இதுவே. ஒருவர் ஒரு நாளில் ஆக்கிச் செலவிடும் ஏ.ரீ.பி.யின் மொத்த நிறை ஏறத்தாழ அவருடைய உடல்நிறை அளவினது என மதிப்பிடப்படுகின்றது. ஆனால் எக்கணத்திலும் உடலிற் கையிருப்பாக உள்ளது மிகச் சிறிதே. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவன் நிலைதான் நம் கலங்களின் நிலை.

எனவே, தீ எரிவது பெரும் வியப்பன்று. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவுக்கே அது எரிவதுதான் வியப்பு.

வயல் கேட்க நீர் திறத்தல்

வன்னியின் பெருங்குளங்களைப் பார்த்தவர்கள் துருசினை அறிவார்கள். குளம் நிறைந்து நிற்பினும், துருசு திறந்தாலன்றி வாய்க்காலில் நீர் ஓடாது. நல்ல காவலன் குளத்தை மட்டும் பார்த்துத் துருசைத் திறப்பதில்லை, வயலையும் பார்க்கின்றான். வயல் காய்ந்தாற் திறப்பான்; நிறைந்தால் இறக்குவான். நம் உடலிலும் படிதோறும் நொதியங்கள் நிற்பினும், அவற்றுட் சிலவே இத்தகைய துருசுகள்.

1861 இல் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் ஒரு புதிரைக் கண்டார். காற்றுப்படாமல் வாழும் மதுவம் வெல்லத்தை மிகுதியாகத் தின்கின்றது. காற்றுப்பட்டவுடன் அந்தத் தீனியைக் குறைத்துக் கொள்கின்றது. இதற்கான முழு விளக்கம் கிடைக்கப் பல ஆண்டுகள் சென்றன. ஒட்சிசன் இல்லாவிடின் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து கிடைக்கும் ஊதியம் இரண்டு ஏ.ரீ.பி. மட்டுமே. ஒட்சிசன் இருப்பின் ஏறத்தாழ முப்பது கிடைக்கும். வரவு மிகுந்தால் வேலையைக் குறைக்கலாம் அன்றோ?

ஆனால் வரவு மிகுந்தமையை மதுவத்துக்குச் சொல்பவர் யார்? குளுக்கோசு பிளவுபடும் பத்துப் படிகளில் மூன்றாம் படியில் நிற்கும் பொசுபோபிரக்ரோகைனேசு என்னும் நொதியமே அச்செய்தியை அறிகின்றது. பெயர் நாவிற் தடுக்கும், தொழிலோ எளிது. ஏ.ரீ.பி. பெருகினால், அதுவே இந்நொதியத்தின் ஒரு புறத்திற் சென்று ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைத் தணிக்கின்றது. ஏ.ரீ.பி. செலவாகிக் குறைந்தால், எஞ்சும் ஏ.எம்.பி. என்னும் பொருள் வந்து ஒட்டி அதனைத் தூண்டுகின்றது. பேருந்தைப் பிடிக்க நாம் ஓடும்பொழுது, எவருடைய கட்டளைக்கும் காத்திராமல், நம் கால் தசைகளில் இத்துருசு திறந்து விடுகின்றது. ஓடி முடித்து அமர்ந்தபின் தானே தணிகின்றது.

இது கலத்தின் உள்வீட்டு நிருவாகம். முழு உடலையும் காப்பதற்கு இன்னுமொரு நிருவாகம் வேண்டும். அங்கேதான் அக்காவின் கேள்விக்கு விடை இருக்கின்றது.

ஈரல் என்னும் களஞ்சியம்

நம் குருதி முழுவதிலும் ஓடும் குளுக்கோசைத் திரட்டினால் ஏறத்தாழ ஐந்து கிராம் மட்டுமே தேறும். ஒரு தேக்கரண்டி அளவு. மூளையோ நாளொன்றுக்கு 120 கிராம் அளவிற் குளுக்கோசைச் செலவிடுகின்றது. அதாவது, குருதியில் உள்ளது மூளைக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கே போதும். மூளை கொழுப்பை நேரே எரிக்க வல்லதன்று. பல நாட் பட்டினியின் பின்னரே கொழுப்பிலிருந்து ஈரல் ஆக்கும் கீற்றோன்களைப் பெருமளவிற் பயன்படுத்தத் தொடங்கும். அவ்வாறாயின் இரவு உணவுக்குப்பின் எட்டு மணி நேரம் உறங்கும் நாம் காலையில் எவ்வாறு தெளிந்த அறிவுடன் எழுகின்றோம்?

இதற்கு வழிகாட்டியவர் பாரிசு நகரத்துக் குளோட் பேர்னாட். சீனியோ மாப்பொருளோ உண்ணாத விலங்கின் ஈரலிலிருந்தும் குருதிக்குள் குளுக்கோசு வருவதை 1848 இல் அவர் கண்டார். 1857 இல் அதன் ஊற்றாகிய கிளைக்கோசன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். உண்ட வேளையில் மிஞ்சும் குளுக்கோசைக் கோத்துக் கோத்து ஈரல் கிளைக்கோசனாக்கி அடுக்கி வைக்கின்றது. உண்ணாத வேளையில் அதனை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குருதிக்கு விடுகின்றது. நன்கு உண்டவரின் ஈரலில் ஏறத்தாழ நூறு கிராம் இவ்வாறு இருக்கும்.

தசைகளில் இதனினும் நான்கு மடங்கு வரை உண்டு. ஆனால் தசை தன் சேமிப்பைப் பிறருக்குக் கடனாகக் கொடாது. குளுக்கோசைக் கலத்தின் வெளியே அனுப்புவதற்கு முன், அதனோடு ஒட்டியிருக்கும் பொசுபேற்றை நீக்க ஒரு நொதியம் வேண்டும். அது ஈரலில் உண்டு, தசையில் இல்லை. இந்நொதியம் ஈரலிலும் இல்லாமற் பிறக்கும் குழந்தைகளும் சிலர் உளர். அக்குழந்தைகள் சில மணி நேரப் பசியையும் தாங்கார். அவர்களிடம் குறைவது இந்த ஒரு நொதியமே என்பதை 1952 இற் கோரி தம்பதியர் காட்டினர். சமைக்காத சோளமாவை நீரிற் கலந்து வேளை தவறாது கொடுப்பது இன்று அவர்களைக் காக்கும் வழிகளுள் ஒன்று. அம்மா மெல்ல மெல்லச் சமிபாடடைந்து, ஈரல் செய்ய இயலாத பணியை வயிற்றிலிருந்தே செய்கின்றது.

ஒரே திறப்பு, இரு கதவுகள்

களஞ்சியத்துக்கு இரண்டு கதவுகள் உண்டு. நெல்லை உள்ளே எடுக்கும் கதவு ஒன்று. வெளியே விடும் கதவு மற்றொன்று. இரண்டும் ஒருங்கே திறந்திருந்தால், முன்வாயிலில் வந்தது பின்வாயிலிற் போகும், உழைப்பு வீணாகும். கிளைக்கோசனைக் கழற்றும் நொதியம் பொசுபோரிலேசு. கோக்கும் நொதியம் வேறு. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் தொழில் செய்யாதவாறு தடுப்பது எது?

மேலே கூறிய கார்ள் கோரி, கேட்டி கோரி இருவரும் பிராகு நகரிற் பிறந்தவர்கள். அமெரிக்காவிற் குடியேறிய பின், பொசுபோரிலேசு தொழில் செய்யும் முறையை ஆராய்ந்தனர். 1947 இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி கேட்டி கோரியே. இந்நொதியம் உறங்கும் வடிவம், விழித்த வடிவம் என இரு வடிவங்களில் இருத்தலையும் அவர்களே கண்டனர். 1955 இல் சியாற்றில் நகரத்தில் எட்மண்ட் பிசர், எட்வின் கிரெப்சு என்னும் இருவர், உறங்கும் நொதியத்தில் ஒரு பொசுபேற்று ஒட்டினால் அது விழிக்கின்றது, அதனைக் கழற்றினால் மீண்டும் உறங்குகின்றது என்று காட்டினர். சிறு கண்டுபிடிப்பாகத் தோன்றிய இது, கலத்தின் எண்ணற்ற தொழில்கள் இவ்வாறே ஆளப்படுகின்றன என்பது தெரிந்த பின்னர், 1992 இல் நோபெல் பரிசு பெற்றது.

இதில் ஓர் அழகு உண்டு. பொசுபேற்று ஒட்டினால் கழற்றும் நொதியம் விழிக்கும். கோக்கும் நொதியமோ அதே பொசுபேற்று ஒட்டினால் உறங்கிவிடும். ஒரே திறப்பு ஒரு கதவைத் திறக்கும்பொழுதே மற்றதைப் பூட்டுகின்றது. ஆகவே இரண்டும் ஒருங்கே திறக்கும் பிழைக்கு இடம் மிகவும் குறைவு.

இத்திறப்பைத் திருப்புபவை ஓமோன்கள். குருதியிற் குளுக்கோசு குறைந்தால் சதையி குளுக்ககன் என்னும் ஓமோனை விடுகின்றது. அது கலத்தினுள் நுழைவதில்லை. வாயிலில் நின்று தட்டுகின்றது. உள்ளே வேறொரு தூதுவன் செய்தியை எடுத்துச் செல்கின்றான். அத்தூதுவனைக் கண்டறிந்த ஏர்ள் சதர்லாந்துக்கு 1971 இல் நோபெல் பரிசு கிடைத்தது. பொசுபேற்று ஒட்டுகின்றது; களஞ்சியம் வெளியே திறக்கின்றது. உணவுண்டு குளுக்கோசு மிகுந்தால், சதையி இன்சுலினை விடுகின்றது. பொசுபேற்றுக் கழற்றப்படுகின்றது, வெளிக்கதவு மூட, உட்கதவு திறக்கின்றது. கிளைக்கோசன் அருகிவரும்போது ஈரல் வேறு பொருள்களிலிருந்து குளுக்கோசைப் புதிதாகவும் ஆக்கும். அத்தொழிலையும் குளுக்ககன் தூண்டும், இன்சுலின் அடக்கும். நலமுள்ள ஒருவர் ஒரு நாள் உண்ணாதிருப்பினும் அறிவு மயங்காமற் தொழில் செய்வது இக்காவலின் பயனே.

அக்காவுக்கு நேர்ந்தது

குருதியில் உள்ள குளுக்கோசு வாய்வழி வந்தது மட்டுமன்று. ஈரலின் கதவு வழி வந்ததும் ஆகும். நினைவில் வைக்க வேண்டிய செய்தி இந்த ஒன்றே. இதனை மறந்தால் நீரிழிவாளர் இரண்டு புதிர்களில் இடர்ப்படுவர்.

முதலாவது புதிர்: “இரவு ஒன்றும் சாப்பிடவில்லை, காலையிற் பார்த்தால் சீனி கூடியிருக்கின்றது. எப்படி?” இன்சுலின் போதாத உடலிலும், இன்சுலினின் குரல் செவியேறாத உடலிலும், ஈரலின் வெளிக்கதவு செவ்வனே மூடுவதில்லை. உண்ணாவிடினும் குளுக்கோசு வழிந்துகொண்டே இருக்கும். மெற்போமின் என்னும் குளிசை செய்யும் முதன்மையான பணி இவ்வழிவைக் குறைப்பதே. ஆதலால், விரத நாள்தானே என்று எண்ணி எல்லா மருந்தையும் தாமாகவே நிறுத்திவிடுவது நன்றன்று. இன்சுலின் ஊசி ஏற்றுவோர் அவ்வாறு செய்தல் உயிருக்கே ஊறாகலாம்.

இரண்டாவது புதிர் அக்காவுடையது. அவர் விழுங்கியது கிளிபென்கிளமைட்டு என்னும் குளிசை. அவ்வகைக் குளிசை சதையியை வற்புறுத்தி இன்சுலினை விடச் செய்கின்றது. நலமுள்ள சதையி குருதியைப் பார்த்தே இன்சுலினை விடும். இக்குளிசையோ குருதியிற் குளுக்கோசு கூடினும் குறையினும் வற்புறுத்திக்கொண்டே இருக்கும். உணவு வரும் என்று எண்ணிக் கொடுக்கப்பட்ட மருந்து அது. உணவு வரவில்லை, இன்சுலின் வந்துவிட்டது. ஈரலின் கதவு திறக்க வேண்டிய வேளையில் அதனை இன்சுலின் அழுத்தி மூடிப் பிடித்தது. தசைகளுக்குள்ளும் குளுக்கோசைத் தள்ளியது. களஞ்சியம் முற்றாக வெறுமையானதால் அவர் மயங்கவில்லை; காவலன் கையைக் கட்டிவிட்டதால் மயங்கினார்.

வியர்வையும் நடுக்கமும் உடல் எழுப்பிய அபாய ஓசை; அதிரினலின் என்னும் ஓமோனின் வேலை. பேச்சுத் தடுமாறியது மூளையின் பசி. நீரிழிவு மருந்து எடுப்பவரின் குளுக்கோசு 100 மில்லிலீற்றர் குருதிக்கு 70 மில்லிகிராமிலும் குறைந்தால் உடனே கவனிக்க வேண்டும். நினைவு தெளிவாய் விழுங்கக் கூடியவராயின், அந்தத் தாதியார் செய்தவாறே மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுக்கலாம். கால் மணி நேரத்திற் தெளியாவிடின் மீண்டும் கொடுக்கலாம். தெளிந்தபின் உணவு கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அது மூச்சுக் குழாயிற் புகும். அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவ்வகைக் குளிசையின் வலு நெடுநேரம் நிற்பதால், தெளிந்தவர் மீண்டும் மயங்குதலும் உண்டு. ஆகவே தெளிந்துவிட்டார் என்று எண்ணித் தனியே விடலாகாது. நாங்களும் அன்று மாலையே அக்காவை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம்.

வைத்தியர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விரதத்துக்கு முன்னரே வந்து கேட்டிருந்தால் குளிசையின் வகையையும் அளவையும் நேரத்தையும் மாற்றியிருக்கலாம் என்றும், சிலருக்கு விரதமே வேண்டாம் என்று சொல்ல நேரிடும் என்றும் கூறினார். எச்சமயத்தவராயினும், நோன்பு நோற்கும் நீரிழிவாளர் நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன் வைத்தியரைப் பார்ப்பது நலம். குளிசைகள் யாவும் வெள்ளை நிறமாயிருக்கலாம். அவை செய்யும் தொழில் ஒன்றன்று. எவ்வகைக் குளிசை என்பதை வீட்டிலுள்ள மற்றொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபொழுது, அக்கா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “இதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார்.

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. கல்லூரியில் ஆண்டுக்கு ஆண்டு நாற்பது மாணவர்க்குச் சொல்கின்றேன். அடுக்களையில் இருக்கும் ஒருவருக்குச் சொல்லவில்லை. நேயர்களே, உங்கள் இல்லத்தில் நீரிழிவுக் குளிசை விழுங்குபவர் எவரேனும் இருப்பின், இப்பகுதியை அவருக்கு இன்றே வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த வாரம், தீட்டிய அரிசியில் நாம் இழக்கும் ஓர் உயிர்ச்சத்து நொதியங்களுக்கு எவ்வாறு துணை நிற்கின்றது என்பதைப் பார்ப்போம்.